அச்சத்திலிருந்து அழுகைக்கு: இரண்டு ‘சைலன்ட் ஹில்’ விளையாட்டுகள்

1999ஆம் ஆண்டில் ஜப்பானின் கோனாமி நிறுவனம் பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’ என்ற வீடியோ கேமும், 2001 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கென அந்நிறுவனமே வெளியிட்ட அதன் இரண்டாம் பாகமும் ஒரே ஊரில், ஒரே மூடுபனியில், ஏறக்குறைய ஒரே உபகரணங்களோடு நிகழ்பவை. ஆயினும் முதலாவதை ஆடி முடித்தவர் நெஞ்சில் எஞ்சுவது திகில், இரண்டாவதை ஆடி முடித்தவர் நெஞ்சில் எஞ்சுவது துக்கம். உபகரணங்கள் மாறாதிருக்க ரசம் மட்டும் மாறியது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் விசாரம். கதைகளின் இரகசியங்களை வெளியிடாமல் இவ்விசாரம் நடக்க வழியில்லையாதலால், அவற்றைத் தாமே ஆடிக் கண்டறிய விரும்பும் வாசகர் இதை இப்போதைக்கு மூடி வைத்துவிடலாம்.

இவ்வகை விளையாட்டுக்கு ‘சர்வைவல் ஹாரர்’ என்ற பெயரை நிலைநிறுத்தியது, காப்காம் நிறுவனத்தார் 1996இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’. பூட்டிய கதவுகள், புதிர்கள், எண்ணி வைத்தாற்போல் கிடைக்கும் துப்பாக்கிக் குண்டுகள், எல்லாவற்றையும் கொல்லப் புகுந்தால் எதற்கும் போதாமல் போகும் கையிருப்பு ஆகிய இவைதாம் அதன் இலக்கணம். ஆடுபவரிடம் அது கேட்கும் முதற்குணம் வீரமன்று, சிக்கனம். அந்த இலக்கணத்தைக் கைக்கொண்டே கேய்ச்சிரோ தோயாமா என்ற இளம் இயக்குநரின் கீழ் கோனாமியின் சிறு குழுவொன்று முதல் ‘சைலன்ட் ஹில்’லைச் சிருஷ்டித்தது என்றாலும், இரண்டு விஷயங்களில் அது தொடக்கத்திலேயே தன் வழியைப் பிரித்துக்கொண்டது. ‘ரெசிடென்ட் ஈவில்’லில் பின்னணிகள் முன்கூட்டியே தீட்டி வைத்த அசையாச் சித்திரங்கள், ‘சைலன்ட் ஹில்’லிலோ தெருவும் சுவரும் ஆடும் கணத்திலேயே உருவாக்கப்படுபவை, ஆகையால் காமிரா நாயகனைத் தொடர்ந்து நகரவும், சந்து முனையில் திடீரென உயர்ந்து சாயவும், வருவதைக் காட்டாமல் மறைக்கவும் வல்லதாயிற்று. முன்னதன் நாயகர்கள் பயிற்சி பெற்ற காவற்படையினர். பின்னதன் நாயகன் ஹாரி மேசன் ஓர் எழுத்தாளன், ஓடினால் மூச்சிரைப்பவன், சுட்டால் குறி தவறுபவன், வேகத்தில் சுவரில் மோதிக் கையூன்றி நிற்பவன்.

ஹாரியின் கதை சுருக்கமானது. ஏழு வயது மகள் ஷெரிலோடு விடுமுறைக்காகக் காரில் வரும் வழியில், இரவில் சாலையின் குறுக்கே நின்ற ஓர் உருவத்தைத் தவிர்க்க முயன்று விபத்துக்குள்ளாகிறான். கண் விழிக்கும்போது மகள் இல்லை, ஊரில் மனித அரவம் இல்லை, பருவம் தவறிப் பனி பெய்துகொண்டிருக்கிறது. மகளின் நிழலைத் தொடர்ந்து ஒரு சந்துக்குள் நுழைந்தால் வெளிச்சம் படிப்படியாக மங்கி, கம்பி வலையும் துருவும் இரத்தக் கறையுமாக உலகம் உருமாறி, கையில் கத்தியேந்திய சிறுவர் வடிவங்கள் அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. ஆடுபவர் எத்தனை திறமை காட்டினாலும் அந்த இடத்தில் தோற்றே தீர வேண்டும்; விளையாட்டு அவ்வாறே அமைக்கப்பட்டிருக்கிறது. தோற்றுக் கண் விழித்தால் ஒரு சிற்றுண்டிச்சாலையின் இருக்கையில் கிடக்கிறான். திறமையால் தப்ப முடியாத நிலைமை ஒன்று உண்டு என்ற பாடத்தை முதல் சில நிமிடங்களிலேயே, அதுவும் தோல்வியையே பாடப்புத்தகமாகக் கொண்டு கற்பித்த விளையாட்டு அதற்கு முன் அரிது.

ஊரின் வீதிகளுக்கு பிராட்பரி, மாத்தெசன், பிளாக் என்று அமெரிக்கத் திகில், விஞ்ஞானக் கதாசிரியர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இட்ட ‘மிட்விச்’ என்ற பெயரோ ஆங்கில எழுத்தாளர் ஜான் விண்டமின் நாவலொன்றில் வரும் கிராமத்தின் பெயர். ஜப்பானிய இளைஞர்கள் புத்தகங்களிலும் திரைப்படங்களிலும் கண்ட அமெரிக்கா அது. நிஜ அமெரிக்காவைவிடச் சற்றே வெளிறிய, யாருடைய ஊருமல்லாத ஊர். அந்த அந்நியத் தன்மை கதைக்குக் குறையாகாமல் பலமாகவே அமைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஊரின் பயங்கரமெல்லாம் யாருடையவை என்ற கேள்விக்கு முதல் பாகம் தரும் விடை தெளிவானது: அவை அலெஸ்ஸா என்ற சிறுமியுடையவை. ஏழாண்டுகளுக்கு முன் ஒரு மதக்குழுவின் சடங்கிற்காகப் பெற்ற தாய் டாலியாவாலேயே தீயில் இடப்பட்டு, சாகவும் விடப்படாமல் மருத்துவமனையின் நிலவறையில் ஒளித்து வைக்கப்பட்ட அச்சிறுமியின் வேதனையே ஊராக விரிந்திருக்கிறது. தலை பிளந்து வாய் திறக்கும் ராட்சதப் பல்லி அவள் படித்த கதைப் புத்தகத்திலிருந்து வருகிறது. புழுவும் விட்டிலும் அவள் சேகரித்து வைத்த பூச்சிகளிலிருந்து வருகின்றன. பள்ளிக்கூடம் அத்தனை கொடிய இடமாக இருப்பதற்கு அவள் அங்கே பட்ட ஏளனமே காரணம். ஹாரிக்கோ, அவனுக்குத் துணை வரும் போலீஸ் அதிகாரி சிபிலுக்கோ இந்தக் கனவில் பங்கில்லை. பிறர் கனவுக்குள் வழி தவறி நுழைந்துவிட்ட அப்பாவிகள் அவர்கள். இரத்தம் கசியும் முகத்தோடு தன்னை நாடி வரும் நர்ஸ் லிசாவை ஹாரி தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகின்ற காட்சியொன்றில் மட்டும் அவன்பால் ஒரு கணம் நம் மனம் சுருங்குகிறது. மற்றபடி அவன் குற்றமற்றவன்.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் ‘சைலன்ட் ஹில்’ இவற்றுள் முதலிரண்டையும் கொண்டே கட்டப்பட்டது என்று சொல்வதில் பெரிய பிழை இராது. மூடுபனிக்குள் சிறகடிப்பதும், இருட்டில் நான்கு காலால் ஓடி வருவதும் விலங்கு. கண்ணுக்குத் தெரியாமல் உலகையே உருமாற்றும் சக்தி அணங்கு. இவ்விரண்டும் வெளியிலிருந்து வந்து தாக்குபவை. நான்காவதாகிய இறையச்சம், அதாவது பிழை செய்தவனுக்குத் தண்டிக்க வல்லவனிடத்து உண்டாகும் நடுக்கம், முதல் பாகத்தில் ஏறக்குறைய இல்லை. குற்றமே செய்யாதவன் எந்த அரசனுக்கு அஞ்சுவான்? இரண்டாம் பாகம் அந்த நான்காவது வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது.

தோயாமா முதல் பாகத்துக்குப் பின் கோனாமியை விட்டு சோனி நிறுவனத்துக்குச் சென்றுவிட்டார். இரண்டாம் பாகத்தை இயக்கியவர் மசாஷி சுபோயாமா. திரைவசனம் அமைத்தவர் ஹிரோயுகி ஓவாகு. கதைக்கு மூலக் கருத்தைத் தந்தவர் முதல் பாகத்தின் கணினிச் சித்திரக் காட்சிகளை ஏறக்குறையத் தனியொருவராக ஆக்கிய தகாயோஷி சாத்தோ. சாத்தோவுக்குத் தூண்டுகோலாய் இருந்தது தாஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’. அரக்க வடிவங்களை மசாஹிரோ இத்தோவும் இசையை அகிரா யமாவோக்காவும் முன்போலவே ஏற்றார்கள். ஆகவே இது அந்நியர் கைக்குப் போன கதையன்று. அதே குழுவில் எஞ்சியவர்கள் தங்கள் சொந்த வெற்றியைத் திருப்பிச் செய்ய மறுத்ததன் விளைவு. டாலியாவின் மதக்குழு, அலெஸ்ஸா, ஷெரில் என்ற மூலக்கதை முழுவதையும் கிடப்பில் போட்டுவிட்டு, ஊரை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய கதைக்கு வாரிசு 2003இல் வந்த மூன்றாம் பாகமே.

ஜேம்ஸ் சண்டர்லாண்ட் என்பவனுக்கு அவன் மனைவி மேரியிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது; சைலன்ட் ஹில்லில், நமக்குப் பிரியமான இடத்தில் காத்திருக்கிறேன் என்கிறது கடிதம். மேரி நோயால் இறந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. ஊரின் எல்லையிலுள்ள ஒரு கழிப்பறையில், அழுக்கடைந்த கண்ணாடியில் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பவனாக அவனை நாம் முதலில் காண்கிறோம். அதன்பின் காட்டுப்பாதை. அதில் பகைவரில்லை, புதிரில்லை, எடுத்துக்கொள்ளப் பொருளில்லை. பனிக்குள் இறங்கும் நீண்ட பாதையும் அவன் காலடி ஓசையும் மட்டுமே. முதல் பாகத்தில் மகளைத் தேடி ஓடும் தகப்பனின் அவசரம் நம்மையும் ஓட வைத்தது. இங்கே திரும்பிப் போய்விடலாமே என்ற எண்ணம் ஆடுபவருக்குத் தோன்றி மறையும் வரையில் நடக்க வைக்கிறார்கள். நடந்து செல்பவன் விரும்பியே செல்கிறான் என்பதை வசனத்தின் உதவியின்றி நிறுவிவிடும் யுக்தி அது.

முதல் பாகத்தின் உபகரணங்கள் ஒவ்வொன்றாக இங்கும் வருகின்றன; அவை கிடைக்கும் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஹாரிக்கு டார்ச் விளக்கு சிற்றுண்டிச்சாலையின் மேசைமேல், யாரோ மறந்து வைத்துப் போனது போல் கிடந்தது. ஜேம்ஸுக்கு அதே டார்ச், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இருட்டறையில், மேரியின் உடையை அணிந்து நிற்கும் துணிக்கடைப் பொம்மையின் மார்பில் செருகப்பட்டிருக்கிறது. அரக்கர் அருகில் வந்தால் இரையும் ரேடியோ முதல் பாகத்தில் ஓர் எச்சரிக்கைக் கருவி. இரண்டாம் பாகத்திலும் அப்படித்தான், கதையின் இறுதிக் கட்டத்தில் லேக்வியூ ஹோட்டலின் 312ஆம் எண் அறையில் அதிலிருந்து மேரியின் குரலே ஒலிக்கும் வரையில். மேரியின் கடிதம் பையில் இருக்கிறது. கதை முதிர முதிர அதன் எழுத்துக்கள் மறைகின்றன, பிறகு தாளே மறைகிறது. ஆடுபவர் தானாகப் பையைத் திறந்து பார்த்தாலன்றி இதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. வெளியுலகப் பொருள்களாக இருந்தவை ஜேம்ஸின் மனோநிலைக்குச் சாட்சிகளாக மாறிவிட்டன.

அந்த ஹோட்டல் அறையில் ஒரு வீடியோ டேப் ஓடுகிறது. நோய்ப்படுக்கையில் கிடந்த மேரியைத் தலையணையால் முகத்தை அமுக்கிக் கொன்றவன் ஜேம்ஸே என்பதை அது காட்டுகிறது. மூன்றாண்டுக் கணக்கும் அவனே தனக்குச் சொல்லிக்கொண்ட பொய். இதை அறிந்தபின், அதுவரை கண்ட அரக்கர்கள் ஒருவர்பின் ஒருவராக நம் ஞாபகத்தில் மறுபடி எழுந்து வேறு முகம் காட்டுகிறார்கள். தன் தோலுக்குள்ளேயே கட்டுண்டு நெளியும் உருவம் நோயாளியின் உருவம். இடுப்புக்கு மேலும் கால்களே கொண்ட பொம்மைகள் நெடுநாள் அடக்கி வைத்த காமத்தின் உருவங்கள். நர்ஸுகள் அவன் காத்துக் கிடந்த மருத்துவமனை வராந்தாக்களிலிருந்து வருபவர்கள். இவற்றினும் மேலாக, இரும்புக் கூம்பைத் தலையாகச் சுமந்து, தூக்க முடியாத பெருவாளைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் ‘பிரமிட் ஹெட்’. அந்த ஊரின் பழங்காலக் கொலைத்தண்டனையாளரின் வடிவம் அது என்று வரலாற்றுச் சங்கக் கட்டடத்தில் தொங்கும் ஓர் ஓவியம் குறிப்பாகச் சொல்கிறது. மரியா என்ற, மேரியின் சாயலும் மேரியிடம் இல்லாத கவர்ச்சியும் கொண்ட பெண்ணை ஜேம்ஸின் கண்ணெதிரே அது மீண்டும் மீண்டும் கொல்கிறது. கொல்லப்பட்டவள் மறுபடி வருகிறாள். தண்டிக்க ஒருவன் வேண்டுமென்று தன் பலவீனமே அவனை வரவழைத்தது என ஜேம்ஸ் உணர்ந்து கூறிய பிறகு பிரமிட் ஹெட்டுக்கு வேலையில்லை. தானே தன்னைக் குத்திக்கொண்டு சாகிறது. இறையச்சம் என்று முன்னே குறித்தது இதையே.

இக்கனவு ஜேம்ஸுக்கு மட்டும் உரியதென்று நிறுத்தாமல், ஊருக்குள் வேறு சிலரையும் கொண்டு வந்து வைத்ததில்தான் இரண்டாம் பாகத்தாரின் மேதைமை இருக்கிறது. தகப்பனால் கெடுக்கப்பட்டு அவனைக் கொன்றுவிட்டு ஓடி வந்த ஆஞ்சலாவும், தன் பருத்த உடம்புக்காக ஆயுள் முழுதும் ஏளனம் செய்யப்பட்டுக் கடைசியில் துப்பாக்கியைத் தூக்கிய எட்டியும் தத்தம் ஊரில் தனித்தனியே உலவுகிறார்கள். ஹோட்டலின் மாடிப்படி தீப்பற்றி எரிகையில் அனல் தாங்கவில்லை என்று ஜேம்ஸ் சொல்ல, தனக்கு எப்போதுமே இப்படித்தான் என்று பொருள்படப் பதில் கூறிவிட்டு ஆஞ்சலா அத்தீக்குள் ஏறிப் போகிறாள். முதல் பாகத்தில் ஒருத்தியின் நரகத்தில் எல்லோரும் உழன்றார்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நரகம், அதுவும் ஒருவருடையது மற்றவருக்குப் புலப்படுவது ஒரு கணம் மட்டுமே. லாரா என்ற எட்டு வயதுச் சிறுமிக்கோ அரக்கரே இல்லை. ஆளற்ற ஒரு சாதாரண ஊரில் அவள் பாட்டுக்குக் குதித்துத் திரிகிறாள். அச்சிறுமி ஒருத்தியால் மற்றவர்கள் கண்ட பயங்கரமெல்லாம் அவரவர் கொண்டு வந்தவை என்பது நிரூபணமாகிவிடுகிறது. அழுகைக்கு மெய்ப்பாட்டியல் கூறும் நான்கு களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. எட்டியும் ஆஞ்சலாவும் இளிவின் பாத்திரங்கள், ஜேம்ஸ் இழவின் பாத்திரம்.

முடிவுகளை நிர்ணயிக்கும் முறையில் இரு பாகங்களும் கொண்ட வேறுபாடு, எனக்குத் தோன்றியவரையில், ஒப்பீட்டின் உயிர்நிலை. முதல் பாகத்தில் நகைச்சுவையான பறக்கும் தட்டு முடிவு நீங்கலாக நான்கு முடிவுகள். சிபிலைக் கொல்லாமல் காப்பாற்றினோமா, டாக்டர் காஃப்மனின் கள்ளத்தனத்தைத் துருவினோமா என்ற இரண்டு செயல்களின்மேல் அவை நிற்கின்றன. செய்தோம் அல்லது செய்யவில்லை, கணக்கு வெளிப்படையானது. இரண்டாம் பாகத்திலோ, முதல் தடவை ஆடுபவருக்குக் கிட்டக்கூடிய மூன்று முடிவுகளும் அவர் அறியாமலே குறித்துக்கொள்ளப்படும் நடத்தைகளால் தீர்கின்றன. மேரியின் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தாரா, ஆஞ்சலா கொடுத்துச் சென்ற கத்தியை உற்று நோக்கினாரா, மரியாவின் பக்கத்தில் எவ்வளவு நேரம் ஒட்டி நடந்தார், காயம்பட்டபோது மருந்திட்டாரா என்பவை அக்குறிப்புகள். கத்தியை நோக்கியவரும் காயத்தோடே திரிந்தவரும் ஜேம்ஸை ஏரியில் மூழ்கிச் சாகும் முடிவுக்கு இட்டுச் செல்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மருந்தைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு, உயிர் ஊசலாடும் நிலையிலும் அடுத்த அறைவரை தாக்குப்பிடிக்கலாம் என்று நடப்பது, முதல் பாகமும் அதற்கு முந்திய ‘ரெசிடென்ட் ஈவில்’லும் ஆடுபவருக்கு அரும்பாடுபட்டுக் கற்பித்த நற்பழக்கம். இரண்டாம் பாகம் அதே பழக்கத்தைத் தன்னுயிர்மேல் ஆசையற்றவனின் லட்சணமாக எடுத்துக்கொள்கிறது. அவ்வகைக்கே மூலதர்மமாகிய சிக்கனத்தை ஒரு மனநோயின் அறிகுறியாகப் படித்துக்காட்டிய துணிவு வேறு எந்த விளையாட்டிலும் நான் காணாதது.

பயணத்தின் திசையும் மாறிவிட்டது. ஹாரி ஊரைக் குறுக்கும் நெடுக்கும் அளக்கிறான்; பள்ளி, தேவாலயம், மருத்துவமனை, கேளிக்கைப் பூங்கா என்று வரைபடம் அகன்றுகொண்டே போகிறது. ஜேம்ஸ் இறங்குகிறான். வரலாற்றுச் சங்கத்தின் அடியிலிருந்து சிறைச்சாலைக்கு, அதற்கும் கீழே ஒரு புதிர்வழிக்கு, ஒன்றன்பின் ஒன்றாக வரும் இருண்ட குழிகளுக்குள் அவன் குதிக்க வேண்டும். ஒவ்வொரு குழியருகிலும் குதிக்கிறாயா என்று விளையாட்டு கேட்கிறது, ஆமென்றாலன்றிக் கதை நகராது. நாமும் ஆமென்று அமுக்குகிறோம்.

இவ்வளவு சொன்னதால் இரண்டாம் பாகம் எல்லா வகையிலும் மேலானது என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். விளையாட்டு என்ற அளவில் அது பல இடங்களில் தளர்ந்தது. குண்டுகள் தேவைக்கு மேல் கிடைக்கின்றன. அரக்கர்கள் மந்தமானவர்கள், ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டே பாதி ஊரைக் கடந்துவிடலாம். புதிர்வழிப் பகுதி தேவைக்கு நீண்டது. பயமுறுத்தும் வல்லமையில் முதல் பாகத்தின் பள்ளிக்கூடத்துக்கு ஈடாக இரண்டாம் பாகத்தில் ஓர் இடமும் இல்லை. அதன் இசையும் அத்தகையதே: முதல் பாகத்தில் யமாவோக்கா இரும்புத் தொழிற்சாலையைக் காதருகே நிறுத்தினாற்போன்ற இரைச்சலை எழுப்பி நம்மை ஓட ஓட விரட்டினார், இரண்டாம் பாகத்தில் ‘தீம் ஆஃப் லாரா’வின் கிதார் இசை முதலியவற்றால் சோகத்தில் உட்கார்த்தி வைத்துவிட்டார். திகிலை நாடி வருபவருக்கு இது நஷ்டமே. அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றிருக்கிறார்கள் என்று கொள்வது நியாயம். துக்கத்தைக் கேட்க வேண்டுமானால் துடிக்கும் நெஞ்சு சற்று அடங்கியிருக்க வேண்டுமல்லவா?

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பாகத்தின் பனி வறுமையில் பிறந்தது. இரண்டு மெகாபைட் நினைவகமே கொண்ட பிளேஸ்டேஷனால் ஒரு வீதியைக் கடைசிவரை வரைந்து காட்ட இயலாது. இயலாத தொலைவைப் பகலில் பனியாலும் இரவில் இருளாலும் மறைத்தார்கள், மறைத்ததையே பயத்துக்கு ஊற்றாக்கினார்கள். 32 மெகாபைட் கொண்ட பிளேஸ்டேஷன் 2க்கு அந்த நிர்ப்பந்தம் வெகுவாகத் தளர்ந்துவிட்டது. ஆயினும் பனியை அவர்கள் கைவிடவில்லை. அடுக்கடுக்காக அலையும் ஆவியாக அதைப் புதிதாகச் சிருஷ்டித்து, பழைய திரைப்படச் சுருளின் பொரிப்பொரியான மங்கலையும் திரை முழுவதும் தூவினார்கள். 2012இல் கோனாமி வெளியிட்ட ‘எச்டி கலெக்‌ஷன்’ பதிப்பு, இறுதி வடிவத்தின் மூலநிரல் முழுமையாகப் பேணப்படாத காரணத்தால் குறைபாடுகளோடு வெளிவந்தபோது, பனி மெலிந்து, ஏரியின் நீர்ப்பரப்பு பாதியில் அறுந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பனி எத்தகைய கலைப்பொருளாக இருந்ததென்பது அது இல்லாமற்போன பின்பே பலருக்கு விளங்கிற்று.

பின்வந்தவர்கள் இவ்விரு பாகங்களையும் கையாண்ட விதம் வருந்தத்தக்கது. 2006இல் கிறிஸ்டோஃப் கான்ஸ் இயக்கிய திரைப்படம் கதையையும் மதக்குழுவையும் எரிக்கப்பட்ட சிறுமியையும் முதல் பாகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, பிரமிட் ஹெட்டை மட்டும் இரண்டாம் பாகத்திலிருந்து பிடுங்கி அங்கே நட்டது. ஜேம்ஸ் இல்லாத கதையில் ஜேம்ஸின் தண்டனை உலவுவதற்கு அர்த்தமில்லை. காட்சிக்கு அழகாயிருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை. அதற்குப் பின் அவ்வுருவம் பொம்மையாகவும் சின்னமாகவும் பிற விளையாட்டுகளில் விருந்தாளியாகவும் சுற்றி வருகிறது. போலந்து நாட்டின் புளூபர் டீம் நிறுவனத்தார் முற்றிலும் புதிதாக ஆக்கிய இரண்டாம் பாகம் 2024 அக்டோபரில் வெளிவந்தபோது, அவ்வுருவத்தை அதன் உரிமையாளனாகிய ஜேம்ஸிடமே அவர்கள் திருப்பிச் சேர்த்தார்கள். காமிராவை அவன் தோளருகே கொண்டு வந்து சண்டையைக் கடினமாக்கியதால், மூலத்தில் குறைந்திருந்த அச்சமும் ஓரளவு மீண்டது.

இரண்டாம் பாகம் தனிக்கதையாதலால் முதல் பாகத்தை ஆடாமலே அதைத் தொடங்கலாம் என்று சொல்வோர் பலர். கதையை மட்டும் கருதினால் அது சரி. ஆனால் அந்த ஊரின் பயங்கரம் பிறருடையது என்று ஒரு தடவை நம்பிப் பழகியவருக்கே, அது தன்னுடையதாக இருக்கலாம் என்ற செய்தி உரியபடி உறைக்கும். ஆகவே இவ்விரண்டையும் ஆட எண்ணும் வாசகர், வரைகலையின் பழமையைச் சற்றுப் பொறுத்துக்கொண்டு, 1999ஆம் ஆண்டின் விளையாட்டிலிருந்தே தொடங்குவாராக.